தட்டு போன வழி

ஒபின்னா தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நடந்தான்.

சிட்னியில், செவன் ஹில்ஸில் அவர்கள் வீட்டுக் கூடம் அன்றைக்கு வழக்கத்தை விடச் சின்னதாகத் தெரிந்தது. சோபாக்களைக் கராஜுக்குத் தள்ளிவிட்டுச் சுவரோரமாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் பெண் வீட்டார், எதிரே மாப்பிள்ளை வீட்டார், நடுவில் ஒரு பழைய கம்பளம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக் குளிர்கால வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து கம்பளத்தின் மேல் சதுரமாக விழுந்திருந்தது.

தட்டில் கோலாக் கொட்டைகள். பலாக்கொட்டை அளவு, மங்கிய சிவப்பு. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் மிளகாய் போட்டு அரைத்த நிலக்கடலை. அந்தக் காரவாசனை குசினி அடுப்பு வரைக்கும் வந்தது.

குசினி வாசலில்தான் நானும் அமாக்காவும் நின்றோம். ஒபின்னா அவளுடைய தம்பி. நடக்கப்போவது அவளுடைய கலியாணப் பேச்சு. ஆனால் பேச்சு நடக்கிற இடத்தில் அவளுக்கு இடமில்லை, எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

"இப்ப இடப்பக்கம் திரும்புவான் பார்," என்றாள் என் காதுக்குள். "முதல்ல உடோ அங்கிள். அப்பாவின்ர ஊர் ஆள். அவருக்குத்தான் முதல்ல காட்டோணும்."

ஒபின்னா இடப்பக்கம் திரும்பவில்லை. வெயில் சதுரத்தை மிதித்துக்கொண்டு நேரே எதிர்ப்பக்கம் போனான். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முன்னால் நின்றான். மரியாதையாகக் குனிந்து தட்டை நீட்டினான்.

கூடத்தில் எல்லாருடைய பேச்சும் ஒரே நேரத்தில் நின்றது.

"சினெக்கே!" என்றாள் அமாக்கா. அவர்களுடைய 'கடவுளே' அது. என் மணிக்கட்டில் அவளுடைய நகம் இறங்கியது.

ஒரு தட்டு தவறான கதிரைக்குப் போனதற்கு ஏன் கடவுளைக் கூப்பிட வேண்டும்? அதைச் சொல்ல நான் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

என்ன ஆக்கள்?

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்கள் அமாக்காவை வார்டில் ஏற்கனவே சந்தித்திருப்பீர்கள். இன்றைக்குத்தான் வருகிறவர்களுக்கு: வெஸ்ட்மீட்டில் நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில் வேலை. அவள் நர்ஸ். நான் பிசியோ. அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறவர்களை எழுப்பி நடக்கவைப்பது என் வேலை. அவர்களை நிம்மதியாக நித்திரை கொள்ள விடுவது அவள் வேலை. அதனால் எங்கள் சிநேகிதம் சண்டையில் தொடங்கியது.

எங்கள் வீட்டுக்கு அவளை முதன்முறை கூட்டிவந்தபோது அம்மா புட்டும் மீன்குழம்பும் வைத்தா. அமாக்கா புட்டைக் கையால் குழைத்து உருட்டியதைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு கேட்டா:

"நைஜீரியா எண்டு சொன்னனீர். சரி. நைஜீரியாவில என்ன ஆக்கள்?"

எனக்கு மானம் போயிற்று. "அம்மா!" என்றேன்.

அமாக்காவோ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தாள். "இக்போ, அன்ரி. இக்போ ஆக்கள். சிட்னிக்கு வந்து இத்தனை வருசத்தில அந்தக் கேள்வியை ஒழுங்காக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

மற்றவர்கள் நைஜீரியா எங்கே இருக்கிறது என்று கேட்பார்களாம். சிலர் அங்கே சிங்கம் இருக்கிறதா என்று கேட்பார்களாம். ஒரு நாட்டின் பெயரைச் சொன்னதும் அதற்குள் எங்கே கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது என்று தேடுவது இலங்கைத் தமிழரான எங்களுக்கு மட்டும்தான் வரும்.

(ஒரு குறிப்பு. அமாக்கா வீட்டில் என்னோடு பேசியது ஆங்கிலம். தங்களுக்குள் பேசியது இக்போ. ஆனால் இரண்டும் எனக்குள் எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியேதான் எழுதுகிறேன்.)

அன்றிரவே நான் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். எனக்கு அந்த வியாதி உண்டு. ஒரு சொல் கிடைத்தால் போதும், பரமட்டா வரைக்கும் ரயிலில், திரும்பி வரும்போது, சாப்பிடும்போது என்று தொலைபேசியில் தோண்டிக்கொண்டே இருப்பேன். வடக்கே ஹவுசா, மேற்கே யொரூபா, கிழக்கே இக்போ. வெள்ளைக்காரன் ஒரே கொடிக்குள் போட்டுவிட்டுப் போனான். பிறகு வடக்கில் இக்போக்கள் கொல்லப்பட்டார்கள். கிழக்கு தனிநாடு கேட்டது. பியாஃப்ரா. போர். பட்டினி. தோல்வி. அறுபதுகளின் கடைசியில் நடந்ததை நேற்று நடந்ததுபோல வாசித்தேன்.

வாசிக்க வாசிக்க எனக்கு ஒரே சந்தோசம். சந்தோசம் என்பது தவறான சொல்தான், ஆனால் அதுதான் வந்தது. உலகத்தில் இன்னொரு மூலையில் எங்கள் கதையே வேறு பெயர்களோடு நடந்திருக்கிறதே என்ற புல்லரிப்பு. அமாக்காவின் அப்பாவைச் சந்தித்த முதல் நாளே, கதிரையில் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்: "அங்கிள், நாங்களும் உங்களைப் போலத்தான்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நிதானமான மனிதர். தனியார் பள்ளி ஒன்றில் விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்கிறார். போத்தல்களுக்கு நடுவில் நடந்து பழகிய நடை.

"அப்பிடியோ?" என்றார். "அப்ப சொல்லும். உங்கட நாட்டில தமிழ் கதைக்கிற எல்லாரும் தங்களைத் தமிழர் எண்டு சொல்லுவினமோ?"

நான் கதிரையின் நுனியில் உட்கார்ந்தேன்.

அடுத்த ஒழுங்கை

அந்தக் கேள்வி ஏதோ ஒரு சனிக்கிழமை வரைக்கும் என்னோடு சுற்றியது. அன்றைக்கு அப்பாவோடு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். காட்டுப் பாதை தொடங்கியதும் அப்பா கண்ணாடியை இறக்குவார். யூக்கலிப்டஸ் வாசனை வரவேண்டுமாம்.

"அப்பா, யாழ்ப்பாணத்தில இருந்து முஸ்லிம் ஆக்களை அனுப்பினபோது நீங்கள் அங்கதானே இருந்தனீங்கள்?"

ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு போனது.

"எங்கட ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில ஒரு தையல்கடை. முஸ்லிம் நானா ஒராள் வச்சிருந்தவர். சேட்டு தைக்கத் துணி குடுத்திருந்தனான். வெள்ளையில மெல்லிசா நீலக் கோடு. அந்தக் கிழமை வந்து எடுக்கச் சொன்னவர்."

"பிறகு?"

"பிறகென்ன. எங்கட இயக்கப் பொடியங்கள் அவையளை ஒரேயடியாப் போகச் சொல்லிப்போட்டாங்கள். கடை திறந்துதான் கிடந்தது. துணி உள்ளதான் இருந்திருக்கும். நான் போய் எடுக்கேல்லை."

"ஏன் அப்பா? உங்கட துணிதானே."

"எடுக்கிறதெண்டால் தாறதுக்கு ஆள் வேணுமே."

கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே சொன்னார்: "எங்களை விட நல்லாத் தமிழ் கதைப்பார் அந்த மனுசன். ஆனா தமிழர் எண்டு தன்னைச் சொல்லமாட்டார். முஸ்லிம் எண்டுதான் சொல்லுவார். அதை நாங்கள் ஒரு பெரிய பிழை மாதிரி எடுத்துக்கொண்டம்."

பிறகு பாட்டைப் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் நான் அறிந்த ஒரே கதை நாங்கள் விட்டுவிட்டு வந்த வீடுகளின் கதை. மற்றவர்கள் விட்டுப்போன வீடுகளும் அதே ஊரில்தான் இருந்தன என்பதை நான் பாடமாகப் படித்திருந்தேன். அப்பாவின் சட்டைத் துணி அதற்குள் கிடக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

சோறு குழைந்துபோன கதை

அமாக்காவின் அப்பா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் சிண்டா.

சிண்டா ரயில்வேயில் சிக்னல் பொறியியலாளன். ஏதோ ஒரு பிறந்தநாள் விருந்தில் மூலையில் நின்று தாயோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். அமாக்கா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, அவன் தொலைபேசியை வைத்ததும் இக்போவில் நலம் விசாரித்தாள். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

"நான் இக்போ இல்லை. இக்வெரே."

"நீர் அம்மாவோட கதைச்சது எனக்கு முழுக்க விளங்கினது. சோறு குழைஞ்சுபோச்சு எண்டு சொன்னீர்."

"விளங்கினது நல்லது. அதுக்காக நான் இக்போ ஆகமாட்டன்."

இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். "அவ்வளவு மரியாதையா ஒருத்தரும் என்னை விலத்தி வச்சதில்லை. அதுக்காகவே ஒரு கோப்பி குடிச்சன்."

ஒரு கோப்பி பல கோப்பிகளாயிற்று.

இக்வெரே மக்கள் போர்ட் ஹார்கோர்ட் என்ற துறைமுக நகரத்து மண்ணின் ஆட்கள். அவர்கள் பேச்சும் இக்போவும் ஒன்றா இரண்டா என்பதில் படித்தவர்களே இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். போருக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானவர்கள் 'நாங்கள் வேறு' என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். தோற்ற பக்கத்தின் பெயரைச் சுமக்கப் பயந்து சொன்னார்கள் என்பார்கள் இக்போக்கள். எப்போதுமே வேறுதான், இப்போதுதான் சொல்ல வாய் கிடைத்தது என்பார்கள் இக்வெரேக்கள்.

அந்த நகரத்தில்தான் அமாக்காவின் அப்பப்பாவுக்கு வீடு இருந்தது.

போர் வந்தபோது அங்கிள், அதாவது அமாக்காவின் அப்பா, சின்னப் பையன். மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாரும் உள்நாட்டுக்கு ஓடினார்கள். போர் முடிந்து அவருடைய அப்பா திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார். பெனியனோடு ஒருவர், வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு, கதவைத் திறந்தார். இக்போக்கள் விட்டுப்போன வீடுகளை எல்லாம் 'கைவிடப்பட்ட சொத்து' என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அவருக்கு அந்த வீடு கிடைத்திருந்தது. ஆள் மோசமானவர் இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"குடிச்சாரோ?" என்று கேட்டேன்.

"குடிச்சவர்," என்றார் அங்கிள். "நடந்து வந்த களை. தாகம். அந்தத் தண்ணியைக் குடிச்சதைத்தான் அவரால கடைசி வரைக்கும் தாங்கேலாமல் இருந்தது. வீடு போனதைக் கூடப் பிறகு பிறகு கதைக்கிறதை விட்டிட்டார்."

சிண்டாவின் குடும்பத்துக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அதே நகரம், அதே ஆட்கள். "ஆயிரம் பேர் சிட்னியில இருக்கேக்கை உனக்கு அந்த ஊர்தான் கிடைச்சதோ?" என்று மட்டும் அங்கிள் மகளிடம் கேட்டார். பிறகு பல மாதங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயம்.

வார்டுச் சாப்பாட்டறையில் என்னிடம் சொன்னாள்: "அப்பா இல்லாமல் நான் கட்டமாட்டன். சிண்டா இல்லாமலும் கட்டமாட்டன். இரண்டில ஒண்டு இல்லையெண்டால் இப்பிடியே நைட் ஷிப்ட் செய்துகொண்டு கிழவியாகுவன். நீதான் பிறகு என்னை எழுப்பி நடக்கவைக்கோணும்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

தட்டு எப்படி நடக்கும்

கடைசியில் அங்கிள் சம்மதித்தார். மாப்பிள்ளை வீட்டார் வரட்டும், முறையாகப் பேசலாம் என்றார். முறை என்றால் கோலா. கோலா உடைக்காமல் இக்போ வீட்டில் ஒரு பேச்சும் தொடங்காது.

கோலாவை உடைப்பதற்கு முன் தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டவேண்டும். எந்த வரிசையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஆக நெருங்கிய ஊர்க்காரருக்கு முதலில். பிறகு அடுத்த ஊர். பிறகு அதற்கடுத்த ஊர். ஒவ்வொருவரும் தட்டைத் தொட்டு அனுப்புவார்கள். அந்தத் தட்டு நடந்து முடிக்கும்போது, அந்த அறையில் யாருக்கு யார் என்ன உறவு என்பது ஒரு வார்த்தை பேசாமல் சொல்லப்பட்டுவிடும். இக்போ அல்லாதவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவமரியாதை என்று அர்த்தமில்லை, உடைத்த பிறகு நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுப்பார்கள். வரிசையில் மட்டும் வரமாட்டார்.

அப்படியானால் சிண்டா வீட்டாருக்குத் தட்டு போகுமா, போகாதா?

போனால் 'நீங்கள் எங்கள் ஆட்கள்தான்' என்று அவர்கள் மேல் பெயரை ஒட்டியதாகும். கடைசியாகப் போனாலும் 'நீங்கள் கடைசி இக்போ' என்றாகும். போகாவிட்டால், பெண் கொடுக்கிற வீட்டிலேயே அந்நியர் என்று அறிவித்ததாகும். இதற்காகச் சிண்டா செவன் ஹில்ஸுக்கும் மெல்பேர்னுக்கும் நடுவில் தொலைபேசித் தூதனாக அலைந்தான். மெல்பேர்னில்தான் அவனுடைய பெரியப்பா இருக்கிறார். அப்பா உயிரோடு இல்லாததால் அவர்தான் வந்து பேசவேண்டும்.

இரண்டு அரசாங்கங்கள் போல ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தட்டு பெண் வீட்டாருக்குள் மட்டும் சுற்றும். பிறகு அங்கிள் கைக்குத் திரும்பும். உடைத்தபின் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தனித் தட்டில் போகும். யாரும் யாரையும் உறவென்று சொல்லவில்லை, அந்நியர் என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் திருப்தி.

எல்லாருக்கும் எல்லாம் சொல்லப்பட்டது. தட்டைத் தூக்கவேண்டிய ஒபின்னாவுக்கு மட்டும் ஒருவரும் விபரமாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மெல்பேர்ன்காரர்

பெரியப்பா அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார். நீளச் சட்டை, கழுத்தில் பொன் பொத்தான், கையில் தடி. சிண்டா காரை நிறுத்தப் போயிருந்தான். அங்கிள் குளித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

"நீர் இந்தியாவோ?" என்றார்.

"இல்லை அங்கிள். சிலோன் தமிழ்."

"ஓ. நீங்களும் சண்டை பிடிச்ச ஆக்கள்." தேத்தண்ணியை ஊதினார். "என்னைப் பற்றி உமக்கு என்ன சொல்லி வச்சிருக்கினம்? பெயரை மாத்தின ஆள் எண்டோ?"

நான் நெளிந்தேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

"எங்கட காணியை இக்போ ஆக்கள் காசு குடுத்துத்தான் வாங்கினவை. களவெடுக்கேல்லை. வாங்கிப்போட்டு, எங்கட முத்தத்திலயே நிண்டு எங்களைக் கை தட்டிக் கூப்பிட்டவை. பள்ளிக்கூடத்தில நான் வாயைத் திறந்தால் வாத்தியார் சிரிப்பார். காட்டு இக்போ எண்டு. இப்ப நான் இக்போ இல்லையெண்டு சொன்னால் அதுக்கும் கோபம். என்ன செய்யச் சொல்லுறீர்?"

"சண்டையில?" என்று கேட்டேன்.

"சண்டையில இரண்டு பக்கத்துக்கும் நாங்கள்தான் காட்டிக்குடுக்கிறவங்கள். எங்கட ஐயாவை இவையின்ர பியாஃப்ராப் பொடியங்கள் ஒருநாள் வந்து கூட்டிக்கொண்டு போனவை."

"திரும்பி வந்தவரோ?" என்றேன்.

"வந்திட்டார், வந்திட்டார். பயப்பிடாதையும். ஆனா அதுக்குப் பிறகு அந்த மனுசன் சத்தமாக் கதைச்சதை நாங்கள் கேட்டதில்லை." கோப்பையை என்னிடம் நீட்டினார். "சீனி காணாது."

கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய்ச் சீனி போட்டேன். அங்கிளின் கதையைக் கேட்டால் அங்கிள் சரி. இவரைக் கேட்டால் இவர் சரி. நான் ரயிலில் வாசித்து வைத்திருந்த அத்தனையும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படம்.

அதற்குப் பிறகு எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பிறகுதான் ஒபின்னா தட்டைத் தூக்கினான்.

குனிந்தவன் நிமிரவில்லை

பெரியப்பாவுக்கு முன்னால் தட்டு நின்றது. வரிசையின் முதல் இடம். அதாவது, இந்த வீட்டுக்கு ஆக நெருங்கிய இரத்தம் நீர்தான் என்று அந்தத் தட்டு சொல்லிக்கொண்டிருந்தது.

தொட்டால், வாழ்நாள் முழுக்க இல்லை என்று சொன்னதை அந்த அறையில் வைத்து ஆம் என்று சொன்னதாகும். தொடாவிட்டால், பெண் வீட்டுக் கோலாவைத் தட்டிவிட்டதாகும். அதற்குப் பிறகு கலியாணம் என்ற பேச்சே இல்லை. சிண்டா முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கம்பளத்தையே பார்த்தான்.

"பொடியன் யூடியூப்பில படிச்சவன்!" என்றார் உடோ அங்கிள், தனக்குக் கிடைக்காமல் போன மரியாதையைச் சிரிப்பாக்கி. ஒருவரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா தட்டைப் பார்த்தார். பிறகு அதற்கு மேலால் அங்கிளைப் பார்த்தார். தன்னுடைய பேச்சில், இக்வெரேயில், மெதுவாகக் கேட்டார். பெண் வீட்டார் எல்லாருக்கும் விளங்கியது. எனக்கு மட்டும் அமாக்கா காதில் சொன்னாள்:

"இது பொடியன் வழி மாறி வந்ததோ, இல்லாட்டி நீர் அனுப்பி வந்ததோ?"

நல்ல கேள்வி. பொல்லாத கேள்வி. பாரத்தை அப்படியே தூக்கி எதிர்க் கதிரையில் வைத்துவிட்டார். வழி மாறியது என்று சொன்னால் எல்லாம் பழையபடி ஒப்பந்தத்துக்குத் திரும்பிவிடும். தட்டு பின்னால் போகும். ஆனால் முகத்துக்கு முன்னால் வந்த கோலா திரும்பிப் போனதை அந்த மனிதர் மெல்பேர்ன் வரைக்கும் கொண்டுபோவார். நான்தான் அனுப்பினேன் என்று சொன்னால், அந்த நகரத்து ஆளை அங்கிள் தன் வாயாலேயே முதல் உறவென்று சொல்லவேண்டும்.

அங்கிள் எழுந்தார். போத்தல்களுக்கு நடுவில் நடப்பதுபோலவே கம்பளத்தைக் கடந்து போய், இன்னும் நிமிராமல் நின்ற மகனுக்குப் பக்கத்தில் நின்றார்.

"கொண்டுவந்தது என்ர மகன்," என்றார். "என்ர மகன் கொண்டுவந்ததை நான் திருப்பி எடுக்கமாட்டன்."

அமாக்கா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் அவள் தோளை இடித்தேன். "சொல்லு!"

பெரியப்பா தடியை மடியில் வைத்தார். "நான் இதைத் தொட்டால் நீர் என்னை இக்போ எண்டு சொல்லுவீர்."

"நீர் தொட்டாலும் சொல்லுவன், தொடாட்டிலும் சொல்லுவன்," என்றார் அங்கிள். "நீர் இல்லையெண்டு சொல்லும். கலியாணம் முடிஞ்ச பிறகு நாங்கள் இரண்டு பேரும் என்னத்தைக் கதைக்கிறது? ஏதாவது ஒண்டு மிச்சம் வேணும்தானே."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பெரியப்பாதான் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் கையை நீட்டித் தட்டின் விளிம்பைத் தொட்டார். பிறகு ஒபின்னாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "இனி உன்ர உடோ அங்கிளிட்ட ஓடு. அந்தாள் என்னைக் கொல்லுற மாதிரிப் பாக்குது."

ஒபின்னா எங்களைக் கடந்துபோகும்போது தமக்கையிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "அந்தாள்தானே எல்லாரிலும் வயசு போனவர்? வயசு போன ஆளுக்குத்தானே முதல்ல?"

"பேசாமல் நட, மாடே," என்றாள் அமாக்கா. அவள் கண் நிறைந்திருந்தது.

இசே

தட்டு முழுச் சுற்றும் சுற்றி அங்கிள் கைக்குத் திரும்பியது. இனி அவர் ஒரு கொட்டையைக் கையில் எடுத்து வேண்டுதல் சொல்லவேண்டும். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் கூடியிருப்பவர்கள் 'இசே' என்பார்கள். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்காகச் சொன்னார். இசே. வேலைக்குப் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்புவதற்குச் சொன்னார். இசே. நோயாளிகளுக்காகச் சொன்னார். இசே. இடப்பக்கம் முழுக்க ஒரே குரலில் சொன்னது. எதிர்ப்பக்கத்தில் சிண்டா மட்டும் உதட்டுக்குள் சொன்னான். பெரியப்பா வாயை மூடிக்கொண்டு நேரே பார்த்தார். தட்டைத் தொட்டது தொட்டதுதான், அதற்கு மேல் ஓர் அடிகூட வரமாட்டேன் என்பதுபோல.

அங்கிள் கொட்டையைக் கையில் உருட்டினார். முடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அமாக்காவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், பிடியை விட்டிருந்தாள்.

"போர்ட் ஹார்கோர்ட்டில," என்றார் அங்கிள். நிறுத்தினார். "எங்கட அப்பாவின்ர வீட்டில இப்ப ஆர் இருக்கினமோ, எனக்குத் தெரியாது. ஆர் இருந்தாலும், இந்த மாரியில அவையின்ர கூரை ஒழுகாமல் இருக்கட்டும்."

இடப்பக்கத்தில் ஒருவரும் இசே சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். உடோ அங்கிள் வாய் திறந்தபடி இருந்தார். அமாக்கா என் காதில் சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல்.

"இசே."

பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.

அங்கிள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நகத்தை வைத்துக் கொட்டையைப் பிளக்கத் தொடங்கினார். முதல் துண்டைத் தனித் தட்டில் வைக்காமல் கையாலேயே எடுத்துப்போய்க் கொடுத்தார். பெரியப்பா வாங்கி வாயில் போட்டு, கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார். விழுங்கியதும் தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மெல்பேர்னில இருந்து நான் கொட்டை சப்பவோ வந்தனான்? பிள்ளையைக் கூப்பிடும்."

அமாக்கா என் பக்கம் திரும்பினாள். கண்மை கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"என்ர முகம் சரியா இருக்கோ?"

"இல்லை," என்றேன்.

"பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.